எவாஞ்செலியன் டிஸ்க் வாங்கும் முன்: எந்தப் பதிப்பு, எந்த ரீஜன், வந்ததும் எதைச் சோதிப்பது

அனிமே பக்கம் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "எவாஞ்செலியனை டிஸ்க்கில் வாங்கி வைக்கலாம்னு இருக்கேன், எதை வாங்குறது?" இது 1995இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் தொடர். தாராளமாக வாங்குங்கள். ஆனால் ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்’ என்ற ஒரே பெயரில் இத்தனை வருடங்களாக வந்த டேப், லேசர் டிஸ்க், டிவிடி, ப்ளூ-ரே எல்லாம் ஒரே சரக்கு இல்லை. ஒன்றில் இருக்கும் காட்சி இன்னொன்றில் இருக்காது, ஒன்றில் முடிவில் வரும் பாட்டு இன்னொன்றில் வராது, ஒரு முக்கியமான வசனத்துக்கு இரண்டு பெட்டியில் இரண்டு அர்த்தம் இருக்கும். அதனால் விலையைப் பார்க்கும் முன் எந்த எவாஞ்செலியன் உங்களுக்கு வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். இது பெரியவர்களுக்கான தொடர். 1995 அக்டோபர் 4 அன்று டிவி டோக்கியோவில் புதன்கிழமை மாலை ஆறரை மணிக்குத் தொடங்கியது, பதினாலு வயதுப் பிள்ளைகள் ராட்சத இயந்திரத்தில் ஏறிச் சண்டை போடுகிறார்கள், அட்டைப்படத்தைப் பார்த்தால் சுட்டிகளுக்கானது போலவே தெரியும். முதல் பத்துப் பன்னிரண்டு எபிசோடும் ஓரளவு அப்படித்தான் போகும். அதற்கப்புறம் இயக்குநர் ஹிதெயாக்கி அன்னோ அந்தப் பிள்ளைகளின் மனதுக்குள் இறங்க ஆரம்பிக்கிறார். மனச்சோர்வு, கைவிட்ட பெற்றோர், தன்னையே வெறுப்பது, பாலியல் சார்ந்த காட்சிகள், கொடூரமான மரணங்கள் எல்லாம் வரும். 1997இல் வந்த திரைப்படம் இன்னும் கனமானது. கார்ட்டூன்தானே என்று எட்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போட வேண்டாம். நீங்களே மனசு சரியில்லாத வாரத்தில் இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், டிஸ்க் எங்கேயும் ஓடிவிடாது.

முதல் வேலை: பெயர்களைப் பிரித்துக்கொள்வது

தொடர் மொத்தம் 26 எபிசோட். 1996 மார்ச் 27 அன்று முடிந்தது. கடைசி மாதங்களில் தயாரிப்புக்கு நேரம் போதவில்லை, அது படத்திலேயே தெரியும். பிறகு கிங் ரெக்கார்ட்ஸ் இதை டேப்பிலும் லேசர் டிஸ்க்கிலும் வெளியிட்டபோது 21 முதல் 24 வரையிலான நான்கு எபிசோடுகளுக்குப் புதிய காட்சிகள் சேர்த்து நீட்டினார்கள். அதாவது டிவியில் வந்தது ஒன்று, வீட்டுக்கு விற்றது இன்னொன்று. 22இல், இயந்திரத்தை ஓட்டும் பிள்ளைகளில் ஒருத்தியான அசுகாவின் கதைக்குச் சேர்த்திருப்பது சும்மா ஒட்டுப்போட்டது இல்லை, திரைப்படத்தில் அவளுக்கு நடப்பது புரிய அது ரொம்பத் தேவை. ஆகவே பெட்டியின் பின்னால் ‘டைரக்டர்ஸ் கட்’ என்று போட்டிருந்தால் அந்த நீட்டிய நான்கைத்தான் சொல்கிறார்கள். புதியவர்கள் அதையே பாருங்கள்.

அடுத்தது திரைப்படங்கள். 1997 மார்ச் 15 அன்று ‘டெத் அண்ட் ரீபர்த்’ வந்தது. முதல் பாதி தொடரின் தொகுப்பு, இரண்டாம் பாதி இன்னும் செய்து முடிக்காத கிளைமாக்ஸின் தொடக்கம் மட்டும். அந்தக் கிளைமாக்ஸ் முழுதாக வந்தது அதே வருடம் ஜூலை 19 அன்று, ‘தி எண்ட் ஆஃப் எவாஞ்செலியன்’ என்ற பெயரில். தொகுப்புப் பகுதியை மட்டும் பிறகு திருத்திச் செதுக்கியதுதான் ‘டெத் ட்ரூ ஸ்கொயர்’. இப்போது விற்கும் பெட்டிகளில் அதுவும் ‘எண்ட்’டும் தொடரோடு சேர்ந்தே வரும்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 2007, 2009, 2012, 2021 ஆகிய ஆண்டுகளில் அன்னோ நான்கு புதிய படங்கள் எடுத்தார். அவை முதலிலிருந்து வேறு மாதிரி சொல்லப்பட்ட கதை. தியேட்டரில் 1.0 என்று வந்த படம் கொஞ்சம் திருத்தப்பட்டு டிஸ்க்கில் 1.11 ஆனது, இரண்டாவது 2.22, மூன்றாவது 3.33 என்று போகும். ஆக, அட்டையில் தசம எண் பார்த்தீர்களானால் அது பழைய தொடர் கிடையாது. நல்ல படங்கள்தான், ஆனால் தொடரைப் பார்த்த பிறகு வாங்க வேண்டியவை. தொடர் என்று நினைத்து 1.11ஐ வாங்கிவிட்டு "இருபத்தாறு எபிசோட் எங்கே?" என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

எந்தப் பெட்டி

சுருக்கமாக வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செகண்ட்ஹேண்டில் தேடும்போது இவை எல்லாமே கண்ணில் படும்.

அமெரிக்காவில் ஏ.டி.வி. ஃபிலிம்ஸ் 1996 முதல் டேப்பில் விற்றது. பிறகு டிவிடி. 2003இல் ஜப்பானில் படத்தையும் ஒலியையும் சுத்தம் செய்து ‘ரினிவல்’ என்று ஒரு பதிப்பு போட்டார்கள், 5.1 ஒலியும் சேர்த்தார்கள். அதை வைத்துத்தான் ஏ.டி.வி. 2004, 2005இல் ‘பிளாட்டினம்’ பதிப்பு போட்டது. 2009இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. அதோடு அமெரிக்காவில் பழைய தொடர் கடையில் கிடைக்காமல் போய், ஏறக்குறைய பத்து வருடம் இருந்த டிவிடிகளைக் கண்டபடி விலைக்கு விற்றார்கள். ஜப்பானில் 2015இல் ப்ளூ-ரே பெட்டி வந்தது. 2019 ஜூன் 21 அன்று நெட்ஃபிளிக்ஸில் உலகம் முழுக்க வந்தது, புதிய மொழிபெயர்ப்பு, புதிய ஆங்கில டப்பிங்கோடு. கடைசியில் 2021 இறுதியில் ஜி-கிட்ஸ் என்ற நிறுவனம் வட அமெரிக்காவில் ப்ளூ-ரே போட்டது, பிரிட்டனில் அனிமே லிமிடெட் என்ற நிறுவனம்.

புதிதாக வருகிறவருக்கு என் பதில்: சாதாரண ஜி-கிட்ஸ் ப்ளூ-ரே, இல்லையென்றால் பிரிட்டன் பதிப்பு. தொடர் முழுக்க, நீட்டிய 21 முதல் 24, இரண்டு படங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். பொம்மையும் புத்தகமும் வைத்து வந்த விலையுயர்ந்த பதிப்புகளும் உண்டு. பழைய ஆங்கில டப்பிங் அந்த உயர்ந்த பதிப்புகளில்தான் இருக்கிறது, சாதாரணத்தில் புதிய டப்பிங் மட்டும். ஜப்பானிய ஒலியோடு ஆங்கில சப்டைட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் குறையாது. தமிழில் சப்டைட்டில் எந்த டிஸ்க்கிலும் இல்லை.

ஜப்பானியப் பெட்டி அழகுதான், அட்டை, அச்சு எல்லாமே தனி ரகம். ஆனால் ஜப்பானில் உள்ளூர் விற்பனைக்கு வரும் அனிமே டிஸ்க்குகளில் பொதுவாக ஆங்கில சப்டைட்டில் இருக்காது. மொழி தெரியாமல் எவாஞ்செலியன் பார்ப்பது வீண்.

பாட்டும் ஒரு வசனமும்

பழைய பதிப்பில் ஒவ்வொரு எபிசோடும் ‘ஃப்ளை மீ டு த மூன்’ பாட்டோடு முடியும். 1954இல் பார்ட் ஹோவர்ட் எழுதிய பாட்டு. எபிசோடுக்கு எபிசோடு குரலும் இசையும் மாறிக்கொண்டே இருக்கும், தண்ணீருக்குள் ஒரு பெண்ணின் உருவம் தலைகீழாகச் சுழலும், மேலே நிலா. அவ்வளவு கனமான எபிசோட் முடிந்ததும் அந்த மெல்லிய பாட்டு வந்து தோளில் கை வைக்கிற மாதிரி இருக்கும். நெட்ஃபிளிக்ஸில் ஜப்பானுக்கு வெளியே அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, தொடரில் வரும் ஒரு பியானோ இசையைப் போட்டார்கள். ஜி-கிட்ஸ் ப்ளூ-ரேயிலும் பாட்டு கிடையாது. எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிற விஷயம், பெட்டியை வாங்கச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுவது என் கடமை. பாட்டோடுதான் வேண்டும் என்றால் இரண்டு வழி: ஏ.டி.வி.யின் பழைய டிவிடி, இல்லையென்றால் ஜப்பானியப் பதிப்பு.

இன்னொன்று 24ஆவது எபிசோட். கவோரு என்ற பையன் கதாநாயகன் ஷின்ஜியிடம் தன் மனதைச் சொல்லும் இடம். ஜப்பானிய மூலத்தில் ‘சுகி’ என்ற சொல் வருகிறது. நம்மூரில் ‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று சொன்னால் யார், எந்த நேரத்தில், எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதை வைத்துத்தானே அது சாதாரண விருப்பமா காதலா என்று புரிகிறது, அதே மாதிரியான சொல் அது. ஏ.டி.வி. பதிப்பு அதைக் காதல் என்றே ஆங்கிலத்தில் எழுதியது. 2019 மொழிபெயர்ப்பு ‘பிடித்திருக்கிறது’ என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. நமக்கு ஒரு வசதி, ‘பிடிச்சிருக்கு’ என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் எதையும் விளக்க வேண்டியதில்லை. சப்டைட்டில் எதுவானாலும் அந்த இடத்தில் குரலைக் கவனியுங்கள்.

பிளேயர் இருக்கிறதா?

டிஸ்க்குக்கு ஆர்டர் போடும் முன் இதைச் சரிபாருங்கள். நான் முதன்முதலில் வெளிநாட்டு டிவிடி ஒன்றை வரவழைத்தபோது இதைப் பார்க்கவில்லை. மூன்று வாரம் காத்திருந்து, பார்சலைப் பிரித்து, டிஸ்க்கைப் போட்டு உட்கார்ந்தால், கருப்புத் திரையில் ரீஜன் சரியில்லை என்று ஒரே ஒரு வரி. விற்றவர் ரீஜன் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ரீஜன் என்பது எந்தெந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதற்கான குறி. டிவிடிக்கு எண், ப்ளூ-ரேக்கு எழுத்து. அமெரிக்காவும் கனடாவும் டிவிடியில் 1, ப்ளூ-ரேயில் ஏ. ஜப்பான் 2, ஏ. பிரிட்டன் 2, பி. சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஏ. இந்தியாவும் இலங்கையும் 5, சி. அதனால் கோலாலம்பூரிலோ டொரண்டோவிலோ இருக்கிறவர்களுக்கு உள்ளூர் பிளேயரிலேயே அமெரிக்கப் ப்ளூ-ரே ஓடும். லண்டனில் இருக்கிறவர்கள் யோசிக்காமல் அனிமே லிமிடெட் பதிப்பை எடுங்கள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி, இங்கே விற்கும் பிளேயரில் ஏ-யும் ஓடாது, பி-யும் ஓடாது.

வழி என்ன? ரீஜன் பூட்டு இல்லாத பிளேயர் என்று தனியாகவே விற்கிறார்கள், விலை கூடுதல்தான், ஆனால் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. டிவிடிக்கு மட்டும் திறந்தது, ப்ளூ-ரேக்குப் பூட்டு உள்ளது என்று பாதி வேலை செய்யும் பிளேயர்களும் இருக்கின்றன, அதனால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள். பிளேஸ்டேஷன் வைத்திருக்கிறேனே என்றால், கேமுக்கு ரீஜன் பிரச்சினை இல்லாவிட்டாலும் பட டிஸ்க்குக்கு உண்டு, எந்த நாட்டில் விற்ற பிளேஸ்டேஷனோ அந்த நாட்டு ரீஜன்தான் அதில் ஓடும். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து தடவை மாற்றலாம், ஐந்தாவது தடவைக்குப் பிறகு அதோடு பூட்டிக்கொள்ளும். விண்டோஸில் ப்ளூ-ரே தானாக ஓடாது, அதற்கென்று மென்பொருள் தனியாக வாங்க வேண்டும்.

செகண்ட்ஹேண்டும் போலியும்

பாட்டுக்காகப் பழைய டிவிடி தேடப் போனால் போலியில் மாட்ட நிறைய வாய்ப்பு இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் போலிகள் எக்கச்சக்கமாக அடித்து விற்கப்பட்டன, அவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கண்டுபிடிக்கக் கொஞ்சம் கணக்குப் போட்டாலே போதும். 26 எபிசோட், எபிசோடுக்கு 24 நிமிடம் என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல். இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. ஒழுங்கான பதிப்பில் ஒரு டிஸ்க்குக்கு மூன்று முதல் ஐந்து எபிசோட் இருக்கும். மொத்தத் தொடரும் மூன்றே டிஸ்க்கில், கூடவே படங்களும் இலவசம் என்றால் படத்தை நசுக்கி அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், வேகமான காட்சிகளில் கட்டம் கட்டமாக உடையும். ‘ஆல் ரீஜன்’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டு, சீன சப்டைட்டிலும் சேர்ந்து, ஆங்கில சப்டைட்டில் தலைகால் புரியாமல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

விற்கிறவரிடம் நான் எப்போதும் மூன்று படம் கேட்பேன்: பெட்டியின் முதுகு, எல்லா டிஸ்க்குகளின் அடிப்பக்கமும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபடி, அப்புறம் இன்றைய தேதி எழுதிய காகிதத்தோடு மொத்த செட். உண்மையாக வைத்திருப்பவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். ஜப்பானில் மண்டராகே, புக் ஆஃப், சுருகயா போன்ற கடைகளில் பழைய டிஸ்க்குகளை நிலை பார்த்துத் தரம் பிரித்து விற்பார்கள், யாராவது டோக்கியோ போனால் சொல்லிவிடலாம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு தபால் செலவையும் கஸ்டம்ஸ் வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள், நான்காயிரம் ரூபாய்ப் பெட்டி வாசலுக்கு வரும்போது நான்காயிரமாக இருக்காது.

பெட்டி வந்ததும்

பிரிக்கும்போதே மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், டிஸ்க் பெட்டிக்குள் கழன்று உருண்டு கீறல் விழுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு டிவி அமைப்புகள். இந்தத் தொடர் பழைய டிவி அளவில், 4:3 விகிதத்தில் எடுத்தது. இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரத்தான் வேண்டும். திரை நிறையட்டும் என்று இழுத்துவிட்டால் இன்னொரு நாயகியான ரெய் குண்டாகத் தெரிவாள், பெரிதாக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும். நிறுவனங்களே இந்தத் தப்பைச் செய்ததுண்டு, அமெரிக்காவில் 2007 முதல் வந்த டிராகன் பால் இசட் சீசன் பெட்டிகளில் அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். எவாஞ்செலியனில் அப்படி நடக்கவில்லை, உங்கள் ரிமோட் அதைச் செய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். படத்தில் மெல்லிய பொடிப்பொடியான துகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். செல்லுலாய்டு தாளில் கையால் வரைந்து, ஃபிலிம் சுருளில் படம்பிடித்தது இது, அந்தத் துகள் ஃபிலிமுடையது. ஃபிலிமில் இருப்பதால்தான் இத்தனை வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்து ப்ளூ-ரே தரத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 22ஆவது எபிசோடில் அசுகாவும் ரெய்யும் லிஃப்டில் போவார்கள். ஒரே ஒரு படம். அசுகா சுவரோரமாக, ரெய் முதுகைக் காட்டிக்கொண்டு கதவோரமாக. ஏறக்குறைய அசைவே இருக்காது, பேச்சும் இருக்காது, லிஃப்டின் கடகட சத்தம் மட்டும். ஐம்பது நொடிக்கு அப்படியே இருக்கும். டிஸ்க் சிக்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். 24இல் இன்னொன்று, இயந்திரத்தின் கைக்குள் கவோரு, பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி, ஒரு நிமிடத்துக்கும் மேல் அசையாத ஓவியம். பதிப்பின் தரத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடமே இல்லை. பழைய டேப் வழிப் பதிப்புகளில் அந்த அசையாத படமும் மெல்ல மெல்ல ஆடும், ஃபிலிம் ஓடும்போது ஏற்பட்ட ஆட்டம் அது. 2003 ரினிவலில் மெனக்கெட்டு சரிசெய்த விஷயங்களில் அதுவும் ஒன்று. ப்ளூ-ரேயில் கல்லில் செதுக்கியது மாதிரி நிற்கும், ரெய்யின் தோளுக்கும் அசுகாவின் முகத்துக்கும் நடுவே இருக்கும் அந்த வெற்றிடம்தான் அப்போது முழுசாகத் தெரியும்.

டிஸ்க்கை ஓரத்தைப் பிடித்தே எடுங்கள், துடைக்க வேண்டி வந்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில், வட்டமாகத் துடைக்கக் கூடாது. கடலோர ஊர்களில் அட்டைப்பெட்டி சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். நிற்க வைத்து, பக்கத்தில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் அதை மாற்றினால் போதும்.

பார்க்கும் வரிசை: 1 முதல் 24 வரை, பிறகு 25, 26, அப்புறம் ‘எண்ட்’. 25ஐயும் 26ஐயும் பார்த்துவிட்டு ஒன்றும் புரியவில்லையே என்று உடனே படத்துக்குத் தாவாமல் ஒரு ராத்திரி இடைவெளி விடுங்கள். ‘டெத் ட்ரூ ஸ்கொயர்’ தொகுப்புதான், முதல் தடவை விட்டுவிடலாம். போனஸ் டிஸ்க்கை எல்லாம் முடியும் வரை தொடவே வேண்டாம், அதிலுள்ள ட்ரெய்லர்களில் முடிவைக் காட்டும் படங்கள் இருக்கும். முதல் நாள் இரண்டு எபிசோட் போடுங்கள், முதலாவது சண்டையின் நடுவில் சட்டென்று முடிந்துவிடும், என்ன நடந்தது என்பது இரண்டாவதின் கடைசியில்தான் தெரியும்.